சிதறிப்போன நண்பர்களை ஒரே குழுவில் சேர்த்து வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் குழுவில் 14 பேர். ஒரே விடுதியில் மூன்று வருடம் ஒன்றாக இருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊர், நான்கு நேர மண்டலங்கள். ஒரு நாள் இரவு 11.40-க்கு எங்களில் ஒருத்தி, "வேலையை விட்டுட்டேன். அடுத்து என்னன்னு தெரியலை" என்று எழுதினாள். காலையில் நாங்கள் எழுந்து பார்ப்பதற்குள் அதற்குக் கீழே இரண்டு காலை வணக்கப் படங்கள், ஒரு ஃபார்வர்ட் வீடியோ, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, அந்த வாழ்த்துக்குப் பின்னால் வரிசையாகக் கேக் எமோஜிகள். அவள் எழுதியது எங்கோ மேலே போய்விட்டது. ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து வேறு எதற்கோ ஃபோன் செய்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. "குரூப்ல போட்டிருந்தேனே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு எங்கள் குழுவில் மெசேஜ்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு குழுவை நடத்தும் விதத்தையே மாற்றினோம். ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி எழுதினால், அதைப் படித்து, அவர் பெயரைச் சொல்லித் திருப்பிக் கேட்க ஒருவராவது இருக்க வேண்டும். குழு உயிரோடு இருப்பதன் அடையாளம் அதுதான். கீழே வரும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

1. குழு தொடங்கும் முன் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள்

பலரும் செய்வது இது: ஃபோனில் உள்ள எண்களையெல்லாம் தேர்ந்தெடுத்து, குழு உருவாக்கி, எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே போட்டுவிடுவது. இப்படிச் சேர்க்கப்பட்டவருக்கு அது இன்னொரு குரூப், அவ்வளவுதான். முதல் நாளே மியூட் செய்துவிடுவார்.

முதலில் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள். அதில் உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்று இருக்கட்டும்: "பரீட்சைக்கு முந்தின ராத்திரி கரண்ட் போனப்ப, நீ டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு நோட்டு எழுதினது இன்னைக்கு ஞாபகம் வந்தது. எப்படி இருக்கே? நம்ம ஆட்களை ஒரு இடத்தில் சேர்க்கலாம்னு இருக்கேன். நீ வர்றியா?" பத்துப் பேருக்கு இப்படி எழுத ஒரு மாலை நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

"இத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று எழுதினால் என்ன நினைப்பான்?" என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். 2022-இல் பெக்கி லியூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட உளவியல் ஆய்வு இந்தத் தயக்கத்தைத்தான் ஆராய்ந்தது. நாம் தொடர்புகொண்டால் எதிரில் இருப்பவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று கண்டார்கள். எதிர்பாராமல் வரும் விசாரிப்புக்கு மதிப்பு இன்னும் அதிகமாம். என் அனுபவமும் அதுதான். 12 வருடம் பேசாத ஒருவனுக்கு எழுதியபோது இரண்டே நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

எண் தெரியாதவர்களை, தெரிந்த இருவரிடம் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒருவருடைய எண்ணை அவரைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைக் கேட்டு ஒருத்தர் வந்தார், நம்பர் தரலாமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அந்தப் பழைய காலத்தில் அவர்களுக்கு வலி இருந்திருக்கலாம், அது நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம். காரணம் கேட்க வேண்டாம். முன்பு காதலித்துப் பிரிந்தவர்கள், பணத் தகராறில் பேசாமல் இருப்பவர்கள் பட்டியலில் இருந்தால், இருவரிடமும் தனியாகச் சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்து பெயரைப் பார்த்து அதிர்ச்சி அடைய விடாதீர்கள்.

2. எத்தனை பேர்?

மனிதரால் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்று மானிடவியலாளர் ராபின் டன்பர் சொன்னதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 150-க்குள்ளேயே அடுக்குகள் உண்டு என்பதும் அவர் சொன்னதுதான்: மிக நெருக்கமாகச் சுமார் 5 பேர், அடுத்து 15, பிறகு 50. நண்பர் குழுவுக்கு அந்த 15 என்ற அடுக்கு சரியாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

இன்னொரு கணக்கும் உண்டு. 8 பேர் இருந்தால் அவர்களுக்குள் 28 ஜோடிகள். 15 பேர் என்றால் 105. 40 பேர் என்றால் 780. 40 பேர் குழுவில் பாதி ஜோடிகளுக்கு ஒருவரை ஒருவர் அவ்வளவாகத் தெரியாது. தெரியாதவர் முன்னால் "எனக்குத் தூக்கம் வரலை" என்று யாரும் எழுத மாட்டார்கள், வாழ்த்து மட்டும்தான் எழுதுவார்கள். வகுப்பு முழுவதையும் சேர்க்க ஆசையாக இருந்தால், அதை அறிவிப்புக்கான தனிக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். மனம்விட்டுப் பேசுவதற்கு 8 முதல் 15 பேர் உள்ள குழு தனியாக இருக்கட்டும். பெரிய குழுவுக்கு வெளியே சிறிய குழு ஒன்று இருப்பது ரகசியத் துரோகம் ஒன்றும் இல்லை.

3. எந்தச் செயலி?

உங்கள் கூட்டத்தில் புதிய செயலியை இறக்கவே மாட்டேன் என்கிற ஒருவர் இருப்பார். அவர் ஏற்கெனவே எதில் இருக்கிறாரோ அதிலேயே தொடங்குங்கள். பெரும்பாலும் அது வாட்ஸ்அப்பாக இருக்கும். அப்புறம் தேவையைப் பார்த்து மாறலாம்.

வாட்ஸ்அப்பில் உரையாடல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவர்களும் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. எல்லோருக்கும் பழக்கம். குறை என்னவென்றால், நான்கு பேச்சு ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றின்மேல் ஒன்று விழும். டெலிகிராமில் குழுவைத் தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளலாம், புதிதாகச் சேர்பவர் பழைய பேச்சைப் படிக்கவும் வழி உண்டு. ஆனால் டெலிகிராம் குழுக்களில் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது, பேச்சு அவர்களுடைய சர்வரில் இருக்கும். சிக்னலை நடத்துவது லாப நோக்கமற்ற அறக்கட்டளை. விளம்பரம் இல்லை, மறையாக்கம் வலுவானது. நம் ஆட்களை அங்கே கொண்டுபோவதுதான் பாடு. எல்லோரும் கணினி முன்னால் வேலை செய்பவர்களாக, சேர்ந்து விளையாடுபவர்களாக இருந்தால் டிஸ்கார்ட் நன்றாக இருக்கும். அதில் பேச்சுக்கும் படத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனி அறைகள் வைக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள். ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2004-இல் வந்தது, 2014 செப்டம்பர் 30-உடன் மூடப்பட்டது. யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் போயின. அவற்றில் எழுதியதைத் தங்களிடம் எடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள் எத்தனையோ வருடப் பேச்சை இழந்தார்கள். அதனால் குழுவில் உள்ள ஒவ்வொருவருடைய எண், மின்னஞ்சல், பிறந்தநாள் ஆகியவற்றை ஒரு சாதாரணத் தாளிலாவது எழுதி, குறைந்தது இரண்டு பேர் வைத்திருங்கள். செயலி போனாலும் ஆட்கள் போகக் கூடாது.

4. குழுவைத் திறக்கும் நாள்

இரண்டு அட்மின்கள் இருக்கட்டும். ஒருவர் ஃபோனைத் தொலைத்தாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார். இருவரும் வெவ்வேறு நேர மண்டலத்தில் இருந்தால் இன்னும் நல்லது. புதியவரைச் சேர்க்க அட்மின் ஒப்புதல் தேவை என்ற அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். சேரும் லிங்க்கை வெளியே எங்கும் பதிய வேண்டாம்.

குழுவின் விவரப் பகுதியில் விதிகளை எழுதுங்கள். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எங்களுடையது இவ்வளவுதான்: "நாம் நம்மைப் பற்றிப் பேசும் இடம். ஃபார்வர்ட் வேண்டாம். இங்கே பேசியது இங்கேயே. பதில் சொல்ல நேரமில்லை என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை."

ஃபார்வர்ட் விஷயத்தில் நான் கறாரானவன். நல்ல ஃபார்வர்ட், கெட்ட ஃபார்வர்ட் என்று பிரித்தால் தினமும் பஞ்சாயத்துதான். மொத்தமாகவே வேண்டாம். ஒரு செய்தியோ வீடியோவோ உண்மையிலேயே மனதைத் தொட்டிருந்தால், அது ஏன் தொட்டது என்று இரண்டு வரி சொந்தமாக எழுதிவிட்டுப் பகிரட்டும். அந்த இரண்டு வரி எழுதச் சோம்பல் வந்தால், அதை அனுப்பத் தேவையில்லை என்று அர்த்தம். காலை வணக்கப் படங்களுக்கும் இதுவே. வயதில் மூத்த நண்பர் ஒருவர் அதை அன்போடுதான் அனுப்புகிறார் என்றால் எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். தனியாக ஃபோனில், "உங்க படத்தை விட உங்க குரலைத்தான் கேட்கணும்னு இருக்கு, ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் குழுவில் அது நடந்தது. இப்போது அவருடைய குரல் பதிவுகளுக்காகக் காத்திருக்கிறோம்.

5. கேள்வி கேட்கும் விதம்

இந்தப் படியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டாலும் எனக்குத் திருப்திதான்.

"எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் நான்கு பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள், மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். எல்லோரையும் பார்த்துக் கேட்ட கேள்விக்கு வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பது இயல்பு. அதையே ஒருவருடைய பெயரைச் சொல்லி, ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றிக் கேளுங்கள். "போன வாரம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னியே, கட்டு பிரிச்சாச்சா?" இந்தக் கேள்வியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நீ சொன்னதை நான் படித்தேன், அதை நினைவிலும் வைத்திருந்தேன். பதில் கட்டாயம் வரும். அந்தப் பதிலைப் படிக்கும் மற்ற 12 பேருக்கும் அவளுடைய அப்பா எப்படி இருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பதில் எழுதும்போது வெறுமனே கீழே எழுதாதீர்கள். அந்த மெசேஜையே பிடித்து இழுத்து, அதற்குப் பதிலாக எழுதுங்கள். நடுவில் இருபது மெசேஜ் வந்திருந்தாலும் யாருக்கு என்ன பதில் என்பது புரியும். இதயக் குறி போடுவது தவறில்லை. ஆனால் ஒருவர் துக்கத்தையோ பயத்தையோ எழுதியிருக்கும்போது அதற்குக் கீழே ஒன்பது இதயக் குறிகள் மட்டும் இருந்தால், எழுதியவருக்கு அது மௌனம் மாதிரிதான் இருக்கும். ஒரு குறியாவது வார்த்தையாக மாற வேண்டும்.

இதற்காக நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். அதற்கு 'வாரப் பொறுப்பு' என்று பெயர். ஒவ்வொரு வாரமும் ஒருவர் பொறுப்பு. வேலை ஒன்றே ஒன்றுதான்: அந்த வாரத்தில் யாராவது தன்னைப் பற்றி எழுதினால், 24 மணி நேரத்துக்குள் யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பது. யாரும் சொல்லவில்லை என்றால் பொறுப்பில் இருப்பவர் சொல்ல வேண்டும். ஒரு நாளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். 14 பேர் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு முறை வரும். பட்டியலைக் குழுவில் பின் செய்து வைத்திருக்கிறோம். இது வந்த பிறகு ஒரு நல்ல மாற்றம் நடந்தது. பேசத் தயங்குகிறவர்கள்கூடத் தங்கள் வாரத்தில் கட்டாயம் படிக்க வேண்டியிருப்பதால், படித்த பிறகு ஏதாவது எழுதவும் ஆரம்பித்தார்கள். வேலையை விட்ட தோழிதான் முதல் வாரப் பொறுப்பை விரும்பிக் கேட்டு வாங்கினாள்.

6. ஒரு தாளம் வேண்டும்

தினமும் பேச வேண்டும் என்று திட்டம் போட்டால் ஒரு மாதத்தில் களைத்துவிடுவீர்கள். மாதம் ஒரு நாளைக் குறியுங்கள். எங்களுக்கு அது முதல் ஞாயிறு. அன்றைக்கு ஆளுக்கு மூன்று வரி எழுதுவோம்: வீட்டில் ஒன்று, வேலையில் ஒன்று, மனதில் ஒன்று. சென்ற ஆண்டு ஒருவன் எழுதியதை அவன் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

"வீடு: பையன் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டான், எனக்குத்தான் மூச்சு வாங்குது.
வேலை: புது மேலதிகாரி. இன்னும் என் பேரைத் தப்பாத்தான் சொல்றார்.
மனசு: அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. அந்த நம்பரை இன்னும் அழிக்கலை."

மூன்றாவது வரிக்கு அன்று மாலைவரை பதில் வந்துகொண்டே இருந்தது. எங்களில் நான்கு பேர் அதேபோல ஒரு எண்ணை ஃபோனில் வைத்திருக்கிறோம் என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. மூன்று வரி என்ற வரம்பு இருந்ததால்தான் அவன் அதை எழுதினான் என்று நினைக்கிறேன். நீளமாக எழுதச் சொல்லியிருந்தால் தள்ளிப்போட்டிருப்பான்.

இடையிடையே படம் கேட்கலாம். "இப்போ உன் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். போஸ் கொடுத்த படத்தைவிட இதில் நண்பனுடைய இன்றைய வாழ்க்கை அதிகம் தெரியும். குரல் பதிவு அனுப்பினால் இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். கூடவே அது எதைப் பற்றி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அலுவலகத்தில் இருப்பவரால் கேட்க முடியாது, காது சரியாகக் கேட்காதவரும் குழுவில் இருக்கலாம்.

7. முகம் பார்த்துப் பேசும் நாள்

மூன்று மாதத்துக்கு ஒரு வீடியோ கால் போதும். வாட்ஸ்அப்பில் 32 பேர் வரை சேரலாம். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் துண்டாகிவிடும். எனக்கு அந்த வரம்பு பிடித்திருக்கிறது, எல்லோரும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

சிக்கலே நேரம்தான். எடுத்துக்காட்டாக டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர் மூன்றிலும் ஆட்கள் இருந்தால், குளிர்காலத்தில் டொராண்டோ காலை 8 மணி என்பது லண்டனில் மதியம் 1, சிங்கப்பூரில் இரவு 9. சனிக்கிழமையாக இருந்தால் மூவருக்குமே சரி. ஆனால் வட அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் தள்ளுவார்கள். சிங்கப்பூரில் தள்ளுவதே இல்லை. நடுவில் உள்ள அந்த இரண்டு, மூன்று வாரத்தில் கூட்டம் வைத்தால் யாராவது ஒருவர் கட்டாயம் தவறவிடுவார். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவிலும் இதே கதை. அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். நேரத்தை அறிவிக்கும்போது எல்லா ஊர் நேரத்தையும் எழுதுங்கள். எப்போதும் ஒரே ஆள் நடு ராத்திரியில் விழித்திருக்க வேண்டிய நிலை வந்தால், அடுத்த முறை அந்தச் சிரமம் வேறு ஒருவருக்குப் போகட்டும்.

நேரத்தைப் பேசிப் பேசி முடிவு செய்யாதீர்கள். மூன்று நேரங்களைப் போட்டு ஓட்டெடுப்பு வையுங்கள், இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள். எல்லோரும் வரும் நாள் என்று ஒன்று வராது. பாதிப் பேர் வந்தாலே நடத்துங்கள். வராதவர்களுக்கு என்ன பேசினோம் என்று ஒருவர் ஐந்து வரி எழுதிப் போட்டால் அவர்களும் விட்டுப்போக மாட்டார்கள்.

8. பேசாமல் படிக்கிறவர்கள்

இணையச் சமூகங்களில் 90 சதவீதம் பேர் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், 1 சதவீதம் பேர்தான் நிறைய எழுதுகிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். அது பெரிய, முகம் தெரியாத கூட்டங்களுக்கானது. நண்பர் குழுவில் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் மூன்று பேர் பேச, மற்றவர்கள் படிப்பது சகஜம்.

"யாருமே பேசறதில்லை, குரூப்பை மூடிடலாமா?" என்று மட்டும் எழுதாதீர்கள். படித்துக்கொண்டிருப்பவரும் குழுவில்தான் இருக்கிறார். எங்கள் ஆட்களில் ஒருவர் இரண்டு வருடம் ஒரு வார்த்தை எழுதவில்லை. நேரில் பார்த்தபோது எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் பெயர், பரீட்சை முடிவு, யாருக்கு முதுகுவலி என்பதுவரை சொன்னார். அவர் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார், ஓய்வு நேரத்தில் எங்களைப் படிப்பார். அப்படிப்பட்டவருக்கு மாதம் ஒருமுறை தனியாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள், போதும். மியூட் செய்தவர்மீதும் வருத்தம் வேண்டாம். வெளியேறியவரைத் திரும்ப இழுத்துப் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, "நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேளுங்கள்.

9. சண்டை வந்தால்

வரும். பெரும்பாலும் தேர்தல் நேரத்தில் வரும். எழுத்தில் குரல் கேட்காது, அதனால் கேலியாகச் சொன்னது குத்தலாகப் போய்ச் சேரும். இருவருக்குள் மூன்று மெசேஜுக்கு மேல் சூடு ஏறினால், வாரப் பொறுப்பில் இருப்பவர், "ரெண்டு பேரும் ஃபோன்ல பேசிக்கோங்க" என்று சொல்லட்டும். யார் சரி என்று குழுவில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். ஒருவரைக் குழுவில் வைத்துப் புண்படுத்தியிருந்தால் மன்னிப்பையும் குழுவிலேயே கேளுங்கள். தனியாகக் கேட்டது மற்றவர்களுக்குத் தெரியாது, காயம் பட்டவர் மட்டும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்புவதை மட்டும் எங்கள் குழுவில் மன்னிப்பதில்லை.

10. பாதுகாப்பு

நண்பருடைய கணக்கைத் திருடியவர் முதலில் வருவது அவருடைய குழுக்களுக்குத்தான், ஏனென்றால் அங்கே எல்லோரும் நம்புவார்கள். "அவசரமா பணம் வேணும்", "உனக்கு 6 இலக்க எண் ஒண்ணு வந்திருக்கும், அனுப்பு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த எண் உங்கள் கணக்கைத் திறக்கும் சாவி. உடனே அந்த நண்பரைச் சாதாரண ஃபோனில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். எல்லோரையும் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது கணக்கைத் திறக்க அந்த எண்ணோடு கூடுதலாகக் கேட்கும் சொந்த ரகசிய எண்ணை, போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வீடியோ காலின்போது சேர்ந்து செய்தால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் முடிந்துவிடும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றவர் போட்டால் போடட்டும், மற்றவர் வேறெங்கும் பகிர வேண்டாம்.

11. எடுத்து வைப்பது

வருடத்துக்கு ஒருமுறை குழுவின் பேச்சைச் செயலியிலிருந்து வெளியே எடுத்து (எக்ஸ்போர்ட் செய்து) ஒரு கோப்பாக வையுங்கள். படங்களைச் சேர்க்காமல் எடுத்தால் அதிகப் பேச்சு கிடைக்கும். நல்ல படங்களையும் குரல் பதிவுகளையும் தனியாக ஒரு பொது ஃபோல்டரில் போடுங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்துக்குள்தான் சேரும், அது நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும். பலருக்கு இது ஃபோன் மாற்றும் நாளில்தான் தெரியவருகிறது.

இதை நான் இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. எங்களில் ஒருவன் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனான். அவன் எண்ணைக் குழுவிலிருந்து எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் வாட்ஸ்அப் கணக்கு பயன்படாமல் கிடந்தால் பொதுவாக 120 நாளில் நீக்கப்படும். அவன் கணக்கும் அப்படித்தான் நீக்கப்பட்டது, குழுவிலிருந்தும் பெயர் போய்விட்டது. அந்த நாளுக்கு நாங்கள் தயாராக இல்லை. உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால், அவருடைய குரல் பதிவுகளை முதல் வாரமே சேமித்துவிடுங்கள். குடும்பத்தார் கேட்டால் அவர்களுக்கும் கொடுங்கள். நாங்கள் அவன் பிறந்தநாளில் அந்தப் பதிவுகளில் ஒன்றைக் குழுவில் போடுகிறோம்.

12. ஏற்கெனவே ஒரு குழு தூங்கிக் கிடக்கிறதா?

பலரிடம் அப்படி ஒன்று இருக்கும். கடைசி மெசேஜ் யாருடையதோ பிறந்தநாள் வாழ்த்து, அதுவும் ஒன்றரை வருடத்துக்கு முன்னால். புதிய குழு தொடங்க வேண்டாம், பழையதையே எழுப்புங்கள். "ஏன் யாரும் பேசலை" என்று தொடங்காதீர்கள். மேலே போய்ப் பழைய பேச்சைப் படியுங்கள். யாரோ ஏதோ சொல்லி, பதில் கிடைக்காமல் நின்ற ஒரு வரி இருக்கும். வீடு மாறப் போகிறேன், புது வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இப்படி ஏதாவது. அந்த மெசேஜையே பிடித்து, அவர் பெயரைச் சொல்லிப் பதில் எழுதுங்கள்: "இதுக்கு நான் அப்போ பதிலே சொல்லலை, மன்னிச்சுக்கோ. அந்த வேலை கிடைச்சுதா?"

பதில் வர இரண்டு நாள் ஆகலாம். அதுவரை வேறு எதுவும் எழுதாதீர்கள்.